மாட்டுக்குத் தள்ளத் தெரியாது

அத்தியாயம் 9

போன வாரம் நோலாவைச் செம்மண் ஓடுபாதையில், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தொப்பியுமாக நிறுத்திவிட்டு வந்தோம். சின்ன விமானம் அவளை இறக்கிவிட்டுப் புழுதி பறக்கத் திரும்பிப் போனது. மகன் ரீஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். மருமகள் டாம்சின் நடந்துவந்து கைகுலுக்கினாள். அந்த ஓட்டத்துக்கும் இந்த நடைக்கும் உள்ள வித்தியாசத்தை நோலா மனதுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

வந்த அன்றே டாம்சின் சட்டம் போட்டுவிட்டாள்.

"நோலா, இங்க நீங்க விருந்தாளி. ஒரு கரண்டியக்கூடத் தொடக்கூடாது. சாப்பிடணும், தூங்கணும், ஓடையப் பாக்கணும். அவ்வளவுதான்."

கேட்கிறவர்களுக்கு உபசாரம் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் வேர் எங்கே ஓடுகிறதென்று அவர்கள் இருவருக்கும் தெரியும். மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால், விருந்து முடிந்து டாம்சின் கழுவி அடுக்கிய தட்டுகளையெல்லாம் எடுத்து நோலா இன்னொரு தரம் கழுவினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் கழுவினாள். டாம்சின் கதவோரம் நின்று முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. அன்றைக்கே தீர்ந்துபோயிருக்கும்.

இன்றைக்கு நோலா வந்து மூன்றாம் நாள்.

பொழுது விடியுமுன்பே முழிப்பு வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் தெற்கே, மழை ஓயாத பச்சை நாட்டில் பால் கறந்த உடம்பு. தூங்கு என்றால் எங்கே தூங்கும்? ஆனாலும் இந்தக் கூடாரத்தில் முழித்துக் கிடப்பதே ஒரு சுகமாக இருந்தது. மரத்தளத்தின்மேல் நிற்கிற கூடாரம். நல்ல கட்டில், கம்பளிப் போர்வை இரண்டு. காற்று வந்தால் கித்தான் சுவர் மெல்ல உப்பும், அப்புறம் அடங்கும். தூங்குகிற ஒரு பெரிய பிராணியின் வயிற்றுக்குள் படுத்திருப்பது போல இருந்தது.

காலடியில் வெந்நீர்ப் பை இன்னும் இளஞ்சூடாகக் கிடந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வரும்போதெல்லாம் அது போர்வைக்குள் தயாராக இருக்கிறது. ரீஸ் சின்ன வயசில் இப்படியெல்லாம் நினைத்துச் செய்கிற பிள்ளை இல்லை. தனியாக வந்து பிழைத்தால் பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினாள். சிலந்தி எதுவும் இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடாரத்தின் ஜிப்பை இழுத்தாள். வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. ஓடைக்கரைத் தைலமரங்களில் கொரெல்லா என்கிற வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கூட்டமாக உட்கார்ந்து, குடும்பச் சண்டை போல ஒரே இரைச்சல். அந்தப் பறவைகளின் பெயர்தான் ரீஸும் டாம்சினும் சுற்றுலாக்காரர்களுக்காக நடத்துகிற இந்தக் கூடார முகாமுக்கும். கொரெல்லா ஓடை.

சும்மா ஒரு நடை போய்வரலாம் என்றுதான் கிளம்பினாள். நடப்பது வேலையில்லையே.

முகாமுக்குப் பின்னால் நீளமாக ஒரு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் கூடாரங்களும், தண்ணீர் இறைக்கிற காற்றாடியும், அதன் கீழே பெரிய தண்ணீர்த் தொட்டியும். அந்தப் பக்கம் கண் போகிற தூரத்துக்கு டெஸ் ஹாலரனின் மேய்ச்சல் நிலம். முகாம் நிற்கிற இடமும் அவருடையதுதான். வேலியில் ஒரு இரும்பு கேட். அது விரியத் திறந்து கிடந்தது.

நோலா நின்றாள். மண்ணில் வண்டிச் சக்கரத் தடம் புதிதாகத் தெரிந்தது. மெல்போர்னிலிருந்து வந்த விருந்தாளிகள் நேற்றுச் சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்க இப்படித்தான் போனார்கள்.

"பட்டணத்து ஜனங்க," என்று வாய்விட்டே சொன்னாள். "பின்னாடி திரும்பிப் பாக்கறதே கெடையாது."

முகாமின் வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறான் ரீஸ்: கேட்டை இருந்தபடியே விடவும். நோலாவும் படித்திருந்தாள். ஆனால் இருந்தபடி என்றால் என்ன? இவர்கள் திறந்துபோடுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி. அவள் பிறந்து வளர்ந்த ஊரில் பகல் முழுக்கத் திறந்து கிடக்கிற கேட் என்று ஒன்று கிடையாது. திறந்தால் மூடு. திறந்து கிடந்தாலும் மூடு. கேட் திறந்திருந்தால் ரோட்டில் மாடு, பக்கத்து வீட்டுக்காரனின் முட்டைக்கோஸில் மாடு, பள்ளிக்கூட வாசலில் மாடு.

மூடினாள். சங்கிலியை எடுத்துக் கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை அடியில் விட்டு, வளையத்தைப் புரட்டி மாட்டினாள். விரல்களே செய்தன. யோசிக்கவேண்டிய தேவையே இல்லை.

மூன்று நாளில் முதல்முறையாகக் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் டாம்சின், "உங்கள யாரு செய்யச் சொன்னது?" என்பாள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்கள் பையில் மிட்டாய் போட்டுவிட்டு வந்த மாதிரி ஒரு சந்தோஷத்துடன் திரும்பி நடந்தாள்.

குளியலறைக்குப் பக்கத்தில் ரீஸ் குனிந்து விறகு திணித்துக்கொண்டிருந்தான். செங்கல் அடுப்பின்மேல் படுக்கவைத்த இரும்பு டிரம். முகாம் முழுக்க வெந்நீர் அதிலிருந்துதான். அதற்குக் கழுதை என்று பேர்.

"கழுதைக்குத் தீனி போட்டாச்சும்மா. போய்க் குளி. கொஞ்சம் விட்டா மெல்போர்ன்காரங்க மொத்தத்தையும் தீத்துடுவாங்க."

மேலே கூரை இல்லாத குளியலறை. தலையில் வெந்நீர் கொட்ட, அண்ணாந்தால் வானம். நோலா வெகுநேரம் நின்றாள். நல்ல வேலை ஒன்று செய்த பிறகு குளிக்கிற குளியலுக்குத் தனி ருசி.

சமையல் கொட்டகையில் டாம்சின் மாவும் கையுமாக நின்றாள். ஒல்லியான பெண். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் ஒரே முகம்.

"உக்காருங்க நோலா. முட்ட எப்படி வேணும்?"

"எப்படி இருந்தாலும் சரி."

"அப்படிச் சொன்னா நான் என்ன பண்றது? விருந்தாளிங்க சொல்லணும்."

"சரி, ரெண்டு பக்கமும் பெரட்டி."

ரீஸ் உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். நோலாவின் இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் இருந்தன.

"என்னம்மா, கையக் கட்டிப்போட்டுட்டாளா?"

"நானே கட்டிக்கிட்டேன். விட்டா அதுங்க பாட்டுக்கு ஏதாவது பண்ணிடும்."

டாம்சினின் உதடு ஒரு ஓரத்தில் அசைந்தது மாதிரி இருந்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"ரீஸ், அந்த வெந்நீர்ப் பைக்கு நன்றிடா. கால் ரெண்டும் பூப்போல இருந்துச்சு."

"எந்தப் பை?" என்றான் ரீஸ்.

டாம்சின் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோலா அந்த முதுகைப் பார்த்தாள். அப்புறம் தட்டைப் பார்த்தாள்.

"இன்னைக்கு டெஸ் வர்றார்மா," என்றான் ரீஸ். இதுவரை இருந்த விளையாட்டுக் குரல் இல்லை. "சாயங்காலம் டீக்கு. அடுத்த வருஷத்துக்கு எடம் உண்டா இல்லையான்னு சொல்லிடறேன்னிருக்கார்."

"ஏன், தரமாட்டாரா?"

"போன மாசம் நம்ம விருந்தாளி ஒருத்தன் காள நிக்கற வேலியோட கேட்டத் தொறந்துபோட்டுட்டுப் போயிட்டான். கன்னுக்குட்டின்னு நெனச்சு போட்டோ எடுக்கப் போனானாம். காள எளங்கிடேரிங்களோட சேந்து போயிடுச்சு. பிரிச்சுக் கொண்டாந்து கட்டறதுக்குள்ள மனுஷன் படாதபாடு பட்டார். இன்னொரு தடவ கேட்டு விஷயத்துல ஏதாவது நடந்தா டென்ட்ட மடக்கிக்கிட்டுக் கெளம்பிடுங்கன்னு சொல்லிட்டார்."

"நல்லாத்தான் சொல்லியிருக்கார்," என்றாள் நோலா. காலையில் செய்தது இப்போது இரண்டு மடங்கு நல்ல காரியமாகப் பட்டது.

"நாலு வருஷ உழைப்பு," என்றாள் டாம்சின், திரும்பாமலே. "ஒவ்வொரு பலகையும் நாங்க அடிச்சது. இத விட்டா எங்க போறது?"

அவள் குரல் அப்படி இறங்கி நோலா கேட்டதே இல்லை.

ரீஸ் பேச்சை மாற்றினான். "அம்மா, அவர் தொப்பியப் பாரு. சாப்பிடும்போதும் தலையிலதான் இருக்கும். குளிக்கறப்பவாவது கழட்டுவாரான்னு எனக்கும் டாம்ஸுக்கும் பந்தயம்."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவர் பொண்டாட்டி செத்ததுலேர்ந்து அப்படித்தானாம்," என்றாள் டாம்சின். "கிண்டல் பண்ணாத."

மத்தியானம் மெல்போர்ன்காரர்கள் பள்ளத்தாக்கு பார்க்கப் போய்விட்டார்கள். டாம்சின் துவைத்த வெள்ளை விரிப்புகள் இரண்டு மரங்களுக்கு நடுவே வரிசையாக வெயிலில் ஆடின. அடுப்பில் டெஸ்ஸுக்காக ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அந்த வெண்ணெய் வாசனை நோலாவின் ஐந்தாம் கூடாரம் வரைக்கும் வந்தது.

நோலா கட்டிலில் சாய்ந்தாள். கித்தான் வழியாக வெயில் தேன் நிறத்தில் இறங்கியது. எங்கோ ஒரு மாடு கத்தியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தனியாளாகிப் பண்ணையை விற்ற பிறகு காதில் விழாத சத்தம். கறவை நேரம் வந்தால் மாடுகள் இப்படித்தான் கேட்டில் வந்து நின்று கூப்பிடும். தாலாட்டுக் கேட்கிற குழந்தை மாதிரி, வாய் கொஞ்சம் திறந்தபடி, தூங்கிப்போனாள்.

எத்தனை நேரமோ. விழித்தபோது கூடாரச் சுவர் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கித்தானில் ஒரு பெரிய புடைப்பு. அது மூச்சு விட்டது. அப்புறம் நீளமாக நக்கியது.

நோலா எழுந்து ஜிப்பை இழுத்தாள். செவலை மாடு ஒன்று அவளை நிதானமாகப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு மாடுகள் தொட்டியை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தன. ஒன்று வெள்ளை விரிப்பைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி முகாம் நடுவே ஓடியது. டாம்சின் கையில் துடைப்பத்துடன் அதன் பின்னால் ஓடினாள்.

"ரீஸ்! வேலிய முறிச்சுட்டு வந்துடுச்சுங்க!"

ரீஸ் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பிவிட்டான். புழுதிதான் தெரிந்தது.

நோலா அந்தச் செவலையின் தோளில் கை வைத்துத் திருப்பி, நாக்கைத் தட்டி, ஒரு கூட்டமாகச் சேர்த்துத் தொட்டிப் பக்கம் ஓட்டினாள். மாடுகள் மூக்கு முங்கக் குடித்தன. அவை குடித்த குடியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு என்னவோ உறுத்தியது. தூங்குமுன் கேட்டது கறவைக்குக் கூப்பிட்ட சத்தம் இல்லை.

"இதுங்களுக்கு இவ்வளவு தாகமா?"

டாம்சின் மூச்சு வாங்கினாள். மூக்கில் மாவு, முழங்கையில் சாணி. "கேட்ட யாரோ மூடிட்டாங்க நோலா. இல்லன்னா ஏன் வேலிய முட்டப்போவுது?"

"மூடினா என்ன? தொறந்து கெடந்தாத்தானே தப்பு?"

"எந்தக் கேட்டு வேணா மூடலாம், இது மட்டும் தொறந்தே கெடக்கணும். அந்தப் பக்கம் சொட்டுத் தண்ணி கெடையாது. எங்கெங்கயோ மேஞ்சுட்டு மத்தியானம் இது வழியாத்தான் தொட்டிக்கு வரும்."

நோலா சால்வையின் நுனியைப் பிடித்து முறுக்கினாள். விரல்கள் அந்த முடிச்சையே மறுபடி போடுவதுபோல இருந்தது.

டாம்சின் அந்த விரல்களைப் பார்த்தாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"டாம்சின்... நான் காலைல..."

வண்டிச் சத்தம் அவளை முந்திக்கொண்டது. டெஸ் ஹாலரனின் பழைய லாரி முன்னால், ரீஸின் வண்டி பின்னால். டெஸ் இறங்கினார். உயரமான மனிதர், வெயிலில் காய்ந்த மரம் மாதிரி. தலையில் தொப்பி. ஒரு கையில் இரும்புச் சங்கிலி, மறு கையில் இரும்பு அறுக்கிற பெரிய கத்தரி. ரீஸ் முகத்தில் ரத்தமே இல்லை.

கொட்டகைக்குள் வந்து ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியைத் தடால் என்று போட்டார் டெஸ். வெட்டுப்பட்ட சங்கிலி, முடிச்சு மட்டும் குலையாமல் அப்படியே இருந்தது.

"இந்த முடிச்சப் போட்ட புத்திசாலி யாரு?"

டெஸ் கத்தரியையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"எம்பது மாடு அந்தப் பக்கம் நின்னு கத்துது. நான் இந்தப் பக்கம் நின்னு இழுக்கறேன். இழுக்க இழுக்க இறுகுது. பொறந்ததுலேர்ந்து கேட்டத் தொறந்துக்கிட்டிருக்கேன். எங்கிட்டயே வேல காட்டுது. கடேசில அறுத்துத்தான் எடுத்தேன்." தொப்பியைத் தூக்காமல் நெற்றியைத் துடைத்தார். "உன் டூரிஸ்ட்டுங்களா தம்பி? நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"சொல்லியிருந்தீங்க," என்றான் ரீஸ், தரையைப் பார்த்து.

"அவங்க இல்ல," என்றாள் டாம்சின். "நான்தான் மூடினேன்."

நோலா நிமிர்ந்து பார்த்தாள். ரீஸ் அதைவிட அதிகமாக நிமிர்ந்து பார்த்தான்.

"நீயா?" என்றார் டெஸ்.

"ஆமா. காலைல வேற ஏதோ நெனப்புல மூடிட்டேன். என் தப்புதான்."

"நாலு வருஷமா இங்க இருக்க. நீ மூடின?"

"மூடினேன்."

டெஸ் சங்கிலியை எடுத்தார். முடிச்சை மேஜைமேல் வைத்து, அறுபட்ட முனை வழியாகக் குத்திக் கிளறி ஒருவழியாகக் குலைத்தார். ஒரு நாற்காலியை டாம்சின் முன் தள்ளினார். "அப்ப இந்தக் காலுல போட்டுக் காட்டு."

டாம்சின் சங்கிலியை வாங்கிக்கொண்டாள். ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று. அப்புறம் கை நின்றுவிட்டது. காது மடல் சிவந்தது. ஆனாலும் சங்கிலியைக் கீழே வைக்கவில்லை. கழுவிய தட்டு மறுபடி கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதே பிடிவாதம்.

நோலாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"குடும்மா இங்க."

நாற்காலிக் காலில் இரண்டு சுற்று, வால் அடியில், வளையம் ஒரு புரட்டு. கண் இமைக்கிற நேரம்.

"நான்தாங்க மூடினேன். ரீஸோட அம்மா. பேரு நோலா. இந்தப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்றா. இதுக்கு முன்னாடி அவ பொய் சொல்லி நான் பாத்ததில்ல. அதான் இவ்வளவு மோசமாச் சொல்றா."

டெஸ் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "வாசல்ல எழுதிப் போட்டிருக்கே, படிக்கலியா?"

"படிச்சேன். நான் பால்மாட்டுக்காரி. எங்க ஊர்ல கேட்டு தொறந்து கெடந்தா யாரோ செத்துட்டாங்க, இல்ல யாரோ ஓடிப்போயிட்டாங்கன்னு அர்த்தம். இங்க வேறன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கல. தப்பு என்மேல. புள்ளைங்க மேல இல்ல. வேலிய நானே நின்னு கட்டித் தர்றேன்."

"வேலி கெடக்கட்டும்." டெஸ் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். இறுகியது. "இது ஏன் இப்படி அடம்புடிக்குது?"

"நீங்க இழுக்கறீங்க."

"பின்ன?"

"மேல தள்ளணும். பாருங்க." கட்டைவிரலால் ஒரு தள்ளு. சங்கிலி சரசரவென்று கழன்று தரையில் விழுந்தது. "ஜெர்சி மாடு பொல்லாதது. நாக்காலயே சங்கிலியக் கழட்டிடும். எங்கப்பா கண்டுபுடிச்ச முடிச்சு இது. மாடு இழுக்கும். மாட்டுக்குத் தள்ளத் தெரியாது."

டெஸ் அந்தச் சங்கிலியைப் பார்த்தார்.

"அப்ப நான் மாடுங்கறீங்க."

ரீஸ் கண்ணை மூடிக்கொண்டான். நாலு வருஷ உழைப்பு அவன் இமைக்குள் மடிந்து வண்டி ஏறியிருக்க வேண்டும்.

"நான் சொல்லல," என்றாள் நோலா. "நீங்க பொறுமையா இருந்திருந்தீங்கன்னா தள்ளிப் பாத்திருப்பீங்க."

டெஸ்ஸின் தோள் குலுங்கியது. முதலில் சத்தமில்லாமல். அப்புறம் தகர டப்பாவில் கல் உருள்கிற மாதிரி ஒரு சிரிப்பு, வெகுநாளாக உபயோகிக்காத சிரிப்பு. காலடியில் சங்கிலி கிடந்த அதே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"டீ இருக்கா? தொண்ட காஞ்சுபோச்சு. மாட்டுக்கும் எனக்கும் சேத்து."

டாம்சின் ஊற்றினாள். அவர் ஸ்கோனைப் பிளந்து, ஜாம் தடவி, அதன்மேல் கிரீமை மலையாக வைத்துத் தின்றார். இரண்டாவதையும் தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னாலயே தொறக்க முடியலன்னா," என்றார் மெதுவாக, "டூரிஸ்ட்டு தொறப்பானா?"

"மாட்டான்," என்றாள் நோலா.

"அந்தக் காள வேலிக் கேட்டுக்கு இந்த முடிச்சப் போட்டுட்டா?"

"பட்டணத்துக்காரன் ஒருத்தனுக்கும் தள்ளத் தோணாது. எல்லாரும் இழுப்பாங்க."

ரீஸ் கண்ணைத் திறந்தான்.

"அப்ப ஒண்ணு செய்யலாம்." டெஸ் ரீஸிடம் பேசினாலும் பார்த்தது வேறு பக்கம். "அடுத்த வருஷமும் இருங்க. அதுக்கடுத்த வருஷம் அப்புறம் பேசிக்கலாம். ஆனா காளக் கேட்டு இந்தம்மா பொறுப்பு. எனக்கு அந்த முடிச்சு கைக்கு வர்ற வரைக்கும் இவங்கதான் போட்டுக் காட்டணும்."

"எவ்வளவு நாள்ல வரும்?" என்றாள் நோலா.

"எனக்கு எதுவும் மெதுவாத்தான் ஏறும்."

ரீஸ் சந்தோஷத்தில் எழுந்துவிட்டான். பாதியில் ஞாபகம் வந்து உட்கார்ந்தான். "அம்மா வெள்ளிக்கிழம பிளேன்ல கெளம்பறாங்களே."

டெஸ் யாரையும் கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு டாம்சினைப் பார்த்தார். ரீஸும் பார்த்தான். நோலா பார்க்கவில்லை. அவள் மேஜைத் துணியில் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் போய்விட்டன.

டாம்சின் எழுந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வெந்நீர் ஊற்றினாள். நுரை பொங்கத் தேய்த்தாள். முதல் தட்டைக் கழுவி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நோலாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு துணியும் வைத்தாள்.

"விளிம்புல கொஞ்சம் ஜாம் ஒட்டியிருக்கு," என்றாள். "எனக்குக் கண்ணு தெரியல. நீங்க ஒரு தடவ பாருங்க."

விளிம்பில் ஜாம் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. தட்டு நிலா மாதிரி இருந்தது.

நோலா அதை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனாள். டாம்சின் தேய்த்ததை வாங்கி வாங்கித் திரும்பக் கழுவினாள். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். ஒரு கட்டத்தில் டாம்சின், "அந்தக் கிறிஸ்துமஸ் தட்டெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு, தெரியுமா?" என்றாள்.

"தெரியும்," என்றாள் நோலா. "அன்னிக்கும் என் கைக்கு வேல இல்ல."

டாம்சின் கடைசிக் கோப்பையை நீட்டினாள். இந்தத் தடவை அது சிரிப்புதான், சந்தேகமே இல்லை.

டெஸ்ஸின் லாரி கிளம்பிப் போகும்போது பொழுது சாய்ந்து, மண்ணும் வானமும் ஒரே சிவப்பாக இருந்தன. வேலி முறிந்த இடத்தில் ரீஸ் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். மாடுகள் திறந்த கேட் வழியாகச் சாவதானமாகத் திரும்பிப் போயின. கழுதையின் அடுப்பு மறுபடி புகைந்தது. பள்ளத்தாக்குப் பார்த்தவர்கள் எந்த நிமிஷமும் வெந்நீர் கேட்டு வருவார்கள்.

நோலா துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். டெஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியை உள்ளே தள்ளப் போனவள் அப்படியே நின்றாள்.

நாற்காலியின் முதுகில் தொப்பி மாட்டியிருந்தது. ஓரம் நைந்து, வேர்வை உப்புப் பூத்த பழைய தொப்பி.

"பாவம், மறந்துட்டுப் போயிட்டாரே," என்றாள். "ரீஸக் கூப்பிட்டு எட்டிப் புடிக்கச் சொல்லலாமா?"

டாம்சின் வந்து பார்த்தாள். தொப்பியையும் பார்த்தாள், மாமியாரையும் பார்த்தாள். அந்த ஒரே முகத்தில் இப்போது என்னென்னவோ ஓடியது.

"நோலா," என்றாள், "ஆறு வருஷமா அந்தத் தொப்பி அவர் தலைய விட்டு எறங்கி யாரும் பாத்ததில்ல."